ஆறின எஞ்சினைக் காட்டுங்க

கொங்கு நாட்டில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கிய கதைகளில் தலையாயது ஜி.டி. நாயுடுவுடையது. கலங்கல் கிராமத்துப் பையன். வருவாய்த்துறை வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் வண்டியைப் பார்த்தான், மனசு அதிலேயே நின்றுவிட்டது. கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதே அதிகாரியிடம் போய் 300 ரூபாய்க்கு அந்த வண்டியை வாங்கினான் என்பது இந்த ஊரில் சலிக்காமல் சொல்லப்படும் வரலாறு. வாங்கிய கையோடு ஆணி ஆணியாகக் கழற்றிப் பரப்பி, பழையபடி பூட்டிப் பார்த்தானாம். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே பஸ் ஓட்டத் தொடங்கிய ஆளுக்கு அந்தக் கழற்றல்தான் கல்லூரிப் படிப்பு.

இன்றைக்குப் பழைய வண்டி வாங்கப் போகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. விற்பவர் வீட்டு வாசலில் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்து எஞ்சினைப் பிரிக்க யாரும் விடமாட்டார்கள். பத்து இருபது நிமிடம் கிடைக்கும். அதற்குள் காலாலும் காதாலும் மூக்காலும் விரலாலும் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டூ ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் அது முடியும் என்பதுதான் வியப்பு. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் தன் நோயை நெடுநாள் மறைத்து வைக்கும். டூ ஸ்ட்ரோக்குக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் கிடையாது. கேட்கத் தெரிந்தவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

இந்த வட்டாரத்தில் டூ ஸ்ட்ரோக் என்றதும் நினைவுக்கு வருவது யமஹா ஆர்எக்ஸ் 100. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து 1985-ல் இறக்கிய வண்டி, 1996 வரை வந்தது. அப்படியானால் இன்று விலைக்கு வரும் ஆர்எக்ஸ்களில் மிக இளையதற்கே ஏறக்குறைய 30 வயது. ஆனாலும் நன்றாகத் தேற்றிய வண்டிக்கு லட்ச ரூபாயைத் தாண்டி விலை சொல்கிறார்கள், வாங்கவும் ஆள் இருக்கிறது. காரணம் வெறும் பழைய பாசம் மட்டுமில்லை. 98 சிசி எஞ்சின், 11 குதிரைத்திறன், வண்டியின் எடை 103 கிலோ. அதே 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100-ன் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் கிட்டத்தட்ட அதே கொள்ளளவில் கொடுத்தது ஏழு குதிரைத்திறன் சுமாருக்குத்தான். ஒரு லிட்டருக்கு என்று பெருக்கிப் பார்த்தால் ஆர்எக்ஸ் கொடுப்பது 112 குதிரைத்திறன். இன்றைய குடும்பக் கார்கள் பலவற்றின் எஞ்சின் இந்தக் கணக்கை எட்டுவதில்லை.

இந்த வலு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால், எதைச் சோதிக்க வேண்டும் என்பதும் தானாகவே தெரிந்துவிடும்.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் இருமுறை மேலேறி இறங்கினால்தான் ஒரு வெடிப்பு. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஆர்எக்ஸ் தன் முழு வலுவைக் காட்டும் 7,500 ஆர்பிஎம்மில், நொடிக்கு 125 வெடிப்பு. பிஸ்டன் 50 மில்லிமீட்டர் தூரத்துக்குள் மேலும் கீழும் ஓடும் சராசரி வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். இத்தனை அவசரத்தில் வால்வைத் திறந்து மூடி, எரிந்த புகையை வெளியே தள்ளி, புதுக் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கத் தனியாக நேரம் ஒதுக்க முடியாது. அதனால் பிஸ்டனுக்குக் கீழே, கிராங்க் சுழலும் அறையையே பம்பாக்கிவிட்டார்கள். பிஸ்டன் மேலே போகும்போது கீழறையில் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் கலந்த காற்றை இழுக்கிறது. கீழே வரும்போது அதே பிஸ்டன் அந்தக் கலவையை அழுத்தி, சிலிண்டர் சுவரில் உள்ள வழிகள் மூலமாக மேலே ஏற்றுகிறது. புதியது உள்ளே வரும் வேகத்தில் பழைய புகை எதிர்ப்பக்கத் துளை வழியாக வெளியேறுகிறது.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கிணற்றுப் பம்புசெட்டில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்க ஃபுட் வால்வு இருக்கிறது அல்லவா, அந்த வேலையை இங்கே கார்புரேட்டருக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் ரீட் வால்வு செய்கிறது. மெல்லிய தகட்டு இதழ்கள். இழுக்கும்போது திறக்கும், அழுத்தும்போது மூடும், நொடிக்கு 125 முறை. சக்‌ஷன் பைப்பில் ஓட்டை விழுந்து காற்று இழுத்தால் பம்பு எவ்வளவு உருமினாலும் தண்ணீர் வராது என்பது தோட்டம் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினும் ஒரு காற்றுப் பம்புதான். அதில் வரும் நோய்களில் பெரும்பாலானவை காற்று கசியும் நோய்கள். எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வண்டி பார்க்கும் வித்தை.

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். விற்பவருக்கு முந்தின நாளே போன் போட்டு, "ஏனுங்ணா, நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வெச்சிருங்க, ஆறின எஞ்சினைப் பாக்கோணும்" என்று சொல்லிவிட வேண்டும். போனதும் பேச்சுக் கொடுப்பதற்கு முன்னால் சிலிண்டரின் துடுப்புகளில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், "இப்பத்தாங்க கடை வரைக்கும் போய்ட்டு வந்தேன்" என்ற பதில் தயாராக இருக்கும். அந்தப் பதிலுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணமும் இருக்கும்.

சூடான எஞ்சினுக்கும் ஆறிய எஞ்சினுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? பிஸ்டன் அலுமினியம். சிலிண்டரின் உள்சுவர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆறிக் கிடக்கும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு இடைவெளி இருக்கும். சூடேற ஏற அது குறையும். தேய்ந்துபோன எஞ்சினில் சூட்டில் விரிந்த பிஸ்டன் தேய்மானத்தை மறைத்து ஒரே கிக்கில் எடுத்துவிடும். ஆறியிருக்கும்போது அதே எஞ்சின் நாலு கிக், அஞ்சு கிக் கேட்கும். எடுத்ததும் பிஸ்டன் சிலிண்டரில் இருபுறமும் தட்டும் சளசளப்பு கேட்கும். சூடானதும் அது அடங்கிவிடும். விற்பவர் கேட்கவிடாமல் செய்ய விரும்புவது அந்த முதல் ஒரு நிமிடத்துச் சத்தத்தைத்தான்.

கிக்கரைக் காலால் உதைக்காமல் கையால் மெதுவாக அழுத்திப் பார்க்கலாம். ஒரு கட்டத்தில் கெட்டியாக எதிர்த்து நிற்க வேண்டும். வழவழவென்று இறங்கிவிட்டால் கம்ப்ரஷன் போய்விட்டது. மெக்கானிக்கைக் கூட்டிப் போனால் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கேஜ் மாட்டி, ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்தபடி பலமுறை உதைக்கச் சொல்வார். முள் 100 பிஎஸ்ஐக்குக் கீழேயே நின்றுவிட்டால் சிலிண்டரைக் கடையும் 'போர்' வேலை காத்திருக்கிறது என்று கணக்கு. கழற்றிய பிளக்கை உடனே கீழே வைத்துவிடாதீர்கள். அதன் முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் எரிதல் சரியாக நடக்கிறது. கறுத்து எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ மிகுதி. வெளுத்துச் சுண்ணாம்பு பூத்தாற்போல் இருந்தால் காற்று மிகுதி, சூடு மிகுதி. இந்த மூன்றில் பயப்பட வேண்டியது கடைசியதற்குத்தான்.

டூ ஸ்ட்ரோக்குக்கு மட்டுமே உரிய இன்னொரு வாசல் உண்டு. சைலன்சரின் பெண்ட் பைப்பைச் சிலிண்டரிலிருந்து கழற்றிவிட்டால், புகை வெளியேறும் துளை கண்ணெதிரே திறந்திருக்கும். டார்ச் அடித்து, கிக்கரைக் கையால் மெல்ல அசைத்துக்கொண்டே பார்த்தால் பிஸ்டனின் பக்கவாட்டும் இரண்டு ரிங்குகளும் சிலிண்டர் சுவரின் ஒரு பகுதியும் தெரியும். எஞ்சினைப் பிரிக்காமலே அதன் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க முடிகிற வசதி இது. நல்ல பிஸ்டன் மங்கிய சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாக இருக்கும். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் விழுந்திருந்தால், இந்த எஞ்சின் எப்போதோ ஓடும்போதே இறுகிப் பிடித்திருக்கிறது, பட்டறைப் பேச்சில் 'சீஸ்' ஆகியிருக்கிறது. ரிங் இருக்கும் இடத்துக்குக் கீழே பிஸ்டன் கறுத்திருந்தால் வெடிப்பின் புகை ரிங்கைத் தாண்டிக் கசிந்து இறங்குகிறது. சைலன்சரைக் கழற்ற விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"போர் எத்தனை ஆயிருக்குதுங்க?" என்ற கேள்வியைக் கேட்காமல் வரக்கூடாது. சிலிண்டர் தேய்ந்தால் அதைச் சற்று அகலமாகக் கடைந்து, பெரிய பிஸ்டன் போடுவார்கள். 50 மில்லிமீட்டர் பிஸ்டனுக்கு அடுத்து கால், அரை, முக்கால், ஒன்று என்று கால் மில்லிமீட்டர் கணக்கில் ஏறும். பிஸ்டன் தலையில் அந்த அளவு பொறித்திருக்கும். பிளக் துளை வழியாக ஒளி விழும் கோணம் வாய்த்தால் சில சமயம் படிக்கக்கூட முடியும். முழு ஒரு மில்லிமீட்டர் ஏறிய எஞ்சின் 102 சிசி ஆகிவிடும். வேகம் கூடிவிட்டது என்று விற்பவர் பெருமைப்படலாம். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது, அடுத்த முறை கடைய இரும்பு மிச்சமில்லை என்பதை. அப்புறம் புது ஸ்லீவ் இறக்க வேண்டும். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்து லேத்துப் பட்டறைகள் உள்ள ஊரில் அது பெரிய காரியமில்லை. மோட்டாரும் பம்பும் செய்து பழகிய கைகள் அவை. ஆனால் அதற்கான செலவை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

இனி கிராங்க் சீல். பழைய டூ ஸ்ட்ரோக் வாங்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைப் பார்ப்பதில்லை. பிறகு அழுவதும் இதற்காகத்தான். கீழறை காற்றுப் புகாமல் இருக்க, கிராங்க் வெளியே வரும் இரண்டு பக்கத்திலும் ரப்பர் சீல் இருக்கிறது. 30 வருடத்து ரப்பர் வண்டி ஓடாமல் நின்றாலும் கெட்டித்துப் போகும். இடப்பக்கச் சீல் மேக்னெட்டோவை ஒட்டியது. அதற்கு அப்பால் வெறும் காற்று. வலப்பக்கச் சீலுக்கு அப்பால் கிளட்சும் கியர் ஆயிலும். எந்தப் பக்கம் கசிகிறதோ அதற்குத் தக்கபடி நோயின் அடையாளமும் மாறும்.

வலப்பக்கம் கசிந்தால் கீழறை கியர் ஆயிலை இழுத்துக் குடிக்கும். சைலன்சரில் வெள்ளைப் புகை மண்டும். ஆறிய டூ ஸ்ட்ரோக் எடுத்தவுடன் கொஞ்ச நேரம் புகைவது இயல்பு. கீழே தேங்கிய ஆயில் எரிந்து தீரும் வரைதான் அது. ஐந்து நிமிடம் ஓடிச் சூடேறிய பிறகும் புகை அடங்கவில்லையென்றால் சந்தேகப்பட வேண்டும். வாடையிலும் தெரியும். டூ டி ஆயில் எரியும் வாடை ஆர்எக்ஸ் பைத்தியங்களுக்கு ஊதுபத்தி மாதிரி என்பார்கள். கியர் ஆயில் எரிந்தால் தொண்டையைக் கமறும் காரல் வரும். கியர் ஆயிலின் அளவும் கசிந்த தடமே இல்லாமல் குறைந்துகொண்டே போகும்.

இடப்பக்கம் கசிந்தால் புகை வராது. அதுதான் ஆபத்து. கார்புரேட்டர் அளந்து அனுப்பாத காற்று அந்த வழியாகத் திருட்டுத்தனமாக உள்ளே வரும். கலவையில் பெட்ரோல் குறையும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் எரிபொருள் மட்டுமில்லை. கீழறை வழியாகப் போகும்போது ஆவியாகி கிராங்கையும் பிஸ்டனின் அடிப்பக்கத்தையும் குளிர்விக்கிறது. அதனோடு கலந்த ஆயில்தான் பேரிங்குகளுக்கு மசகு. பெட்ரோல் குறைந்தால் குளிர்ச்சியும் குறைகிறது, எரியும் சூடோ ஏறுகிறது. எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றி ஓட்டும் வண்டியானால் மசகும் சேர்ந்தே குறையும். முடிவில் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கும். அவிநாசி ரோட்டில் 80-ல் போகும்போது பின் சக்கரம் திடீரென்று பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும். எஞ்சின் சூடானதும் நியூட்ரலில் ஆக்சிலேட்டரை ஒருமுறை முறுக்கி விட்டுவிடுங்கள். சத்தம் உடனே 'டப் டப் டப்' என்று ஐடிலுக்கு இறங்க வேண்டும். இறங்காமல் மேலேயே தொங்கிக்கொண்டிருந்து, மனசில்லாமல் மெதுவாகக் கீழே வந்தால், எங்கேயோ காற்று இழுக்கிறது. சீலாக இருக்கலாம், கார்புரேட்டருக்கும் ரீட் வால்வுக்கும் நடுவே வெடித்த ரப்பராக இருக்கலாம், சிலிண்டர் அடிப் பேக்கிங்காக இருக்கலாம். "ஐடில் ஸ்குரூ கொஞ்சம் ஏத்தி வெச்சிருக்குதுங்க, அவ்வளவுதான்" என்பார் விற்பவர். ஸ்குரூவை இறக்கி வைத்து மறுபடி முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கிராங்குக்கும் ஒரு வார்த்தை. ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்குக்கு அடியில் ஆயில் குளம் இருக்கும். இங்கே அது கிடையாது. கலவையோடு தூவலாக வரும் எண்ணெய்தான் எல்லாம். அதனால் கனெக்டிங் ராடின் இரண்டு முனையிலும் உருளை பேரிங் வைத்து, கிராங்கை ஒரே வார்ப்பாகச் செய்யாமல் துண்டு துண்டாகச் செய்து பிரஸ்ஸில் அழுத்திப் பொருத்துகிறார்கள். தேய்ந்தால் பிரித்துப் புது ராடு கிட் போடலாம் என்பது நன்மை. திரும்பப் பொருத்தும்போது நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் நேராக வராவிட்டால் கைப்பிடியும் ஃபுட்ரெஸ்ட்டும் நடுங்கிக்கொண்டே இருக்கும் என்பது தீமை. சோதிக்க, இடப்பக்க மூடியைக் கழற்றி மேக்னெட்டோ சக்கரத்தைப் பிஸ்டன் உச்சிக்கு வந்த இடத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் இம்மியளவு ஆட்டிப் பாருங்கள். 'டிக்' என்று விரல்நுனியில் தட்டினால் ராடு பேரிங் முடிந்துவிட்டது. ஓட்டும்போது இதே நோய் முறுக்கிய வேகத்தில் கடகடப்பாகக் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு வண்டியை வீடு வரை ஓட்டிக்கொண்டு வருவது புத்திசாலித்தனமில்லை.

சைலன்சர் விஷயத்தில்தான் ஆர்எக்ஸ் பிரியர்கள் பலர் தாங்களே தங்கள் வண்டிக்குத் துரோகம் செய்கிறார்கள். சத்தம் அலற வேண்டுமென்று உள்ளிருக்கும் பேஃபிளை உருவிவிடுவது, வெளியே கிடைக்கும் எதையோ மாட்டுவது, நசுங்கினால் என்ன என்று விட்டுவிடுவது. டூ ஸ்ட்ரோக்கின் சைலன்சர் சத்தத்தை அடக்கும் டப்பா மட்டுமில்லை. அது எஞ்சினின் ஓர் உறுப்பு. இதை முழு வித்தையாக வளர்த்தெடுத்தவர் வால்டர் காடன் என்ற ஜெர்மானியப் பொறியாளர். இரண்டாம் உலகப் போரின்போது பேனமுண்டேயில், ராக்கெட் ஆயுதங்கள் பிறந்த இடத்தில் வேலை பார்த்தவர். போருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் மோட்டார் சைக்கிள் கம்பெனியின் பந்தயப் பிரிவை நடத்தினார். காசும் இல்லை, நல்ல உலோகமும் இல்லை. அவர் கவனம் ஒலி அலையின் மேல் போயிற்று.

புகைத்துளை திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் பாய்கிறது. சூடான புகையில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 500 மீட்டர். குழாய் விரிந்துகொண்டே போகும் இடத்தில் அந்த அலை உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து, சிலிண்டரிலிருந்து பழைய புகையை இழுத்து எடுக்கிறது. கூடவே புதுக் கலவையும் கொஞ்சம் குழாய்க்குள் வந்துவிடும். பிறகு குழாய் குறுகும் இடத்தில் மோதிய அலை அழுத்தமாகத் திரும்பி வந்து, தப்பித்த அந்தக் கலவையைத் துளை மூடுவதற்கு முன் சிலிண்டருக்குள்ளேயே திணித்துவிடுகிறது. 7,500 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடி. துளை திறந்திருப்பது அதில் ஏறக்குறையப் பாதி, 4 மில்லி விநாடி. அதற்குள் ஒலி 2 மீட்டர் போகும். போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர். சைலன்சர் ஏன் இன்ன நீளத்தில், இன்ன இடத்தில் பருத்து இன்ன இடத்தில் சிறுத்திருக்கிறது என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. 1961 வாக்கில் காடனின் 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது: லிட்டருக்கு 200.

1961 செப்டம்பரில் எம்இசட்டின் முதன்மை வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடனில் கிறிஸ்டியான்ஸ்டாட் பந்தயத்துக்குப் போனவர், ஊர் திரும்பவில்லை. அதே சமயத்தில் அவர் மனைவியும் பிள்ளைகளும் எல்லை தாண்டிக் கடத்திக் கொண்டுவரப்பட்டார்கள். காடனின் வித்தை ஜப்பானில் சுசுகியிடம் போய்ச் சேர்ந்தது. மறு வருடமே, 1962-ல், டெக்னர் சுசுகி ஓட்டி 50 சிசி பிரிவில் உலகச் சாம்பியன் ஆனார். பிறகு வந்த ஜப்பானிய டூ ஸ்ட்ரோக்குகள் எல்லாம் அந்த வித்தையில் பங்கு வாங்கியவைதான். ஆர்எக்ஸின் சைலன்சர் பந்தயக் குழாய் அளவுக்கு இல்லாவிட்டாலும் இதே கணக்கில் பிறந்தது. ஆகவே கைவிரலால் தடவிப் பாருங்கள்: நசுங்கல் இருக்கிறதா, வெட்டி ஒட்டிய வெல்டிங் இருக்கிறதா, உள்ளே கரி அடைத்திருக்கிறதா. கம்ப்ரஷன் எல்லாம் சரியாக இருந்தும் மூன்றாவது கியரில் அந்தப் பேர்போன 'இழுவை' வரவில்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சைலன்சரை.

இந்தக் காற்றுக் கணக்கு நம் ஊர் வண்டியோடு முடிவதில்லை. டொராண்டோ பக்கம் குடியேறிய நம்மவர்கள் யாராவது பனியில் ஓடும் பழைய ஸ்னோமொபைல் வாங்கப் போனாலும் மேலே சொன்ன கம்ப்ரஷன், சீல், ரீட் வால்வு, கிராங்க் ஆட்டம் என்ற வரிசை அப்படியே பொருந்தும். சாலைகளிலிருந்து துரத்தப்பட்ட டூ ஸ்ட்ரோக் இன்றும் பெருமையோடு வாழும் இடங்களில் பனிவெளி ஒன்று; எடை குறைவு, வலு அதிகம் என்ற அதே பழைய காரணம்.

ஆயில் பம்பையும் பார்த்துவிட வேண்டும். ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்குகிறோமோ, எஞ்சின் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, அதற்கு ஏற்ப எண்ணெயை அளந்து ஊற்றும் இந்த ஏற்பாட்டை 'ஆட்டோலூப்' என்று யமஹா 1964-லேயே கொண்டுவந்தது. பழைய வண்டிகள் பலவற்றில் பம்பை நம்பாமல் கழற்றி அடைத்துவிட்டு, பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றுகிறார்கள். தப்பில்லை, ஆனால் வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் பங்கில் வெறும் பெட்ரோல் போட்டு ஓட்டினால் கொஞ்ச தூரத்திலேயே சீஸ்தான். கலந்து ஊற்றும் வண்டிக்கு மலையிறக்கமும் ஆகாது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்சிலேட்டரை மூடிவிட்டு கியரில் இறங்கினால், எஞ்சின் வேகமாகச் சுழலும், பெட்ரோலோ வராது, அதோடு எண்ணெயும் வராது. பழைய ஓட்டுநர்கள் இறக்கத்திலும் அவ்வப்போது ஆக்சிலேட்டரைச் சற்று முறுக்கிவிடுவது அந்தத் துளி எண்ணெய்க்காகத்தான்.

நீலகிரி வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுப் போகிறவர்களுக்கு ஒன்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோவை 411 மீட்டரில். அங்கே காற்றழுத்தம் இங்கிருப்பதைவிடச் சுமார் 20 விழுக்காடு குறைவு. அந்த மெல்லிய காற்றுக்கு ஏற்றபடி கார்புரேட்டரில் சின்ன ஜெட் போட்டிருந்தால், அதே வண்டி சமவெளிக்கு வந்ததும் பெட்ரோல் போதாமல் தவிக்கும். ஓட்டிப் பார்த்தபோது ஒன்றும் தெரியாது. சூலூர் வெயிலில் தெரியும். இப்போது பங்குகளில் வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலும் இதே திசையில்தான் தள்ளுகிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்று போதும். பழைய ஜெட்டை மாற்றாவிட்டால் கலவையில் காற்றின் பங்கு கூடிவிடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். செம்மண் நிறத்தில் துரு தெரிந்தால், கார்புரேட்டரும் பழைய ரப்பர் குழாய்களும் என்ன நிலையில் இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

பிரேக், ஃபோர்க், ஸ்விங் ஆர்ம் புஷ் எல்லாம் எந்த வண்டிக்கும் பார்ப்பதுதான். கிளட்ச் நழுவுகிறதா என்று பார்க்க மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது முழுக்க முறுக்குங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் போய்விட்டது. ஒரு நல்ல ஏற்றம் கிடைத்தால் இரண்டு பேராக ஏறிப் பாருங்கள். மருதமலை அடிவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இந்தச் சோதனை இலவசம். பூச்சும் ஸ்டிக்கரும் பளபளப்பும் பார்க்கவே வேண்டாம். அதில் மயங்கத்தான் எல்லா ஏற்பாடும் நடந்திருக்கும்.

இத்தனைக்கும் மேலே, எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும். ஆர்எக்ஸ் 100-க்கு எண் 1எல்1 என்று தொடங்கும். விலை ஏறிய பிறகு வேறு வண்டிகளை ஆர்எக்ஸ் 100 ஆக்குகிற வேலையும் தொடங்கிவிட்டது. உக்கடம் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் தேடினால் ஒரு வண்டிக்கு வேண்டிய உறுப்புகளைச் சேர்த்துவிடலாம், காகிதத்தைத்தான் சேர்க்க முடியாது. நம்பர் பொறித்த இடத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். சுற்றிலும் அரம் போட்ட வரிகளோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்டோ இருந்தால் அப்படியே திரும்பிவிடலாம். அழித்தவர்கள் நினைப்பதுபோல் எண் முழுவதும் அழிவதுமில்லை. பன்ச்சால் ஓங்கி அடிக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்கும் கீழே வெகு ஆழம் வரை உலோகத்தின் படிகங்கள் நெரிந்துபோகின்றன. மேலே அரத்தால் தேய்த்துச் சமமாக்கினாலும் நெரிந்த உலோகம் உள்ளேயே இருக்கும். தடய அறிவியல் கூடங்களில் அந்த இடத்தில் அமிலக் கரைசல் தடவுவார்கள். இரும்புக்குத் தாமிரக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கரைசல். நெரிந்த பகுதி மற்ற பகுதியைப்போல் இல்லாமல் வேறு வேகத்தில் அரிபடுவதால், அழித்த எண் நிழலாகத் திரும்ப எழுந்து வரும்.

எண்கள் ஆர்சி புத்தகத்தோடு பொருந்தினால், அந்தப் புத்தகம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு ஐந்தைந்து ஆண்டுக்கு வண்டியைக் காட்டிப் புதுப்பித்து, பசுமை வரியும் கட்டியிருக்க வேண்டும். டிஎன் 37, டிஎன் 38 என்று தொடங்கும் கோவை எண்ணாக இருந்தாலும், பழைய மூன்றெழுத்து எண்ணாக இருந்தாலும், விவரம் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வருகிறதா என்று அங்கேயே போனில் தட்டிப் பாருங்கள். வராவிட்டால் பழைய காகிதப் பதிவைக் கணினியில் ஏற்றும் 'பேக்லாக்' வேலை பாக்கி. அதை விற்பவர் பெயரிலேயே முடித்துத் தரச் சொல்வது நல்லது. கடன் பதிவு ஏதாவது ரத்தாகாமல் நிற்கிறதா, வேறு மாநில வண்டியானால் தடையில்லாச் சான்று கையில் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிட வேண்டும். ஆர்சியில் பெயர் உள்ளவரே நேரில் வந்து 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போடட்டும். நடுவில் இரண்டு கை மாறி, "ஓனர் வெளியூர்ல இருக்காருங்க, கையெழுத்து வாங்கி வெச்சிருக்கோம்" என்று சொல்லும் வண்டிக்கு, எஞ்சின் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், முன்பணம் கொடுக்காதீர்கள்.